கணக்கு முடிச்சுக் குடுங்க

மழை விட்ட ஒரு சாயங்காலம். வானம் நிறுத்திய பிறகும் சில்வர் ஓக் மரங்கள் தங்கள் பங்குக்குத் தனியாகப் பெய்துகொண்டிருந்தன. நான் முன்னறையில், பித்தான் கழன்ற ஸ்வெட்டரோடு, பிள்ளைகளின் பாடக் குறிப்பில் அன்றைய பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். என் மகன் அகிலன், எட்டு வயது, ஜன்னல் கம்பியில் ஏறி ஒரு நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'உயிரியல்: மெல்லுடலிகள்' என்று நான் எழுதி முடிப்பதற்குள் அவன் நத்தையை விட்டுவிட்டு மூக்கில் விரலை வைத்துவிட்டான். அதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இனியா வந்து நின்றாள்.

இனியா மூத்தவள். பன்னிரண்டு வயது. ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தலையில் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னியிருந்தாள். அதுவே வழக்கமில்லை.

"அப்பா."

"என்னம்மா?"

"எனக்குக் கணக்கு முடிச்சுக் குடுத்துருங்க."

என் கையிலிருந்து பேனா நழுவியது என்று எழுதினால் மிகை. பேனாவின் மூடி நழுவியது. அதைக் குனிந்து எடுக்கும் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு வருடமாக நான் காத்திருந்த சொல் அது. கணக்கு! யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், ஒரு குழந்தை தானாக வந்து கணக்கு கேட்கிறது.

அந்த மகிழ்ச்சியின் அளவு உங்களுக்குப் புரிய வேண்டுமானால், நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் போவது ஆபத்துதான். பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னை நம்பிய ஒரே வாசகன்

காட்டெருமை வந்து எங்கள் முட்டைக்கோசைத் தின்றுவிட்டுப் போன கதையைப் போன வாரம் படித்தவர்களில் சிலர், 'அது கிடக்கட்டும், பள்ளிக்கூடம் போகாத உங்கள் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?' என்று கேட்டிருந்தார்கள். முட்டைக்கோசுக்காக ஒருவரும் அனுதாபப்படவில்லை.

சென்னையில் பிள்ளைகள் படித்த பள்ளியில் பெற்றோர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. 'நாளை காலை எரிமலை கொண்டுவரவும்' என்று அதில் ஒருநாள் செய்தி வந்தது. நானும் என் மனைவி கோமதியும் மைதா மாவில் எரிமலை செய்தோம். எங்கள் எரிமலை ஆட்டோவிலேயே வெடித்தது. அந்த ஆத்திரத்தில் பள்ளிக்கூடங்களைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினேன். வாசகர்கள் சிரித்துவிட்டு மறுநாள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டுரையை முழுதாக நம்பியவன் ஒருவன்தான். அவன் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குக் குடிவந்துவிட்டான்.

கோமதி ஓமலூர்ப் பக்கத்துக்காரி. சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணினியில் வேலை செய்கிறாள். காதில் ஹெட்போனும் கையில் கறிவேப்பிலையுமாக இரண்டு உலகங்களை ஒரே நேரத்தில் அதட்டக்கூடியவள். என்னை 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். மரியாதை இல்லாமல் திட்டுவது அவர்கள் ஊரில் மரியாதையில்லை.

"ஒரு வருசம் பாருங்க," என்றாள். "ஆனா புள்ளைங்க தினமும் என்ன கத்துக்கறாங்கன்னு எதுலயாச்சும் எழுதி வெய்யுங்க. உங்க ஞாபகத்தை நம்பி என்னால உக்காந்திருக்க முடியாதுங்க."

மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டின் ஓரமாக வீடு கிடைத்தது. முன்பக்கம் காப்பி காயவைக்கும் சிமெண்டுக் களம். பக்கவாட்டில் தொழிலாளர்களின் லைன் வீடுகள். பின்பக்கம் முட்டைக்கோசு, இறந்தகாலத்தில்.

பனிப்பொழிவுக்கு ஒரு கட்டம்

எழுதி வைக்க எனக்கு ஒரு சாதாரண நோட்டுப் போதும். ஆனால் சாதாரண நோட்டில் தொடங்கிய எந்தப் புரட்சியாவது வென்றிருக்கிறதா? இணையத்தில் தேடி, வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கென்றே அச்சடித்த பிளானர் ஒன்றை வரவழைத்தேன். ஏதோ குளிர்தேசத்துச் சரக்கு. பக்கத்துக்குப் பக்கம் மஃப்ளர் கட்டிய நரி. தினமும் மூன்று பத்திகள்: திட்டமிட்டது, நடந்தது, தானாகக் கற்றது. ஓரத்தில் 'பனிப்பொழிவு விடுமுறை' என்று ஒரு கட்டம். சேர்வராயன் மலையில் பனி பொழிவதில்லை, மூடுபனிதான். நான் மூடுபனிக்கு அரை டிக் போட்டேன்.

'தானாகக் கற்றது' பத்திதான் முக்கியம் என்று முன்னுரையில் எழுதியிருந்தார்கள். குழந்தைகள் தாமாகவே கற்பார்கள், பெற்றோர் ஓசையில்லாமல் கவனித்துக் குறித்தால் போதும் என்று. நான் ஒழுங்குமுறையில் நம்பிக்கை உள்ளவன். அட்டவணையில் அதற்கும் இடம் ஒதுக்கினேன்: தானாகக் கற்றல், நான்கு முதல் ஐந்து.

முதல் நாள் நான்கு அடித்ததும் இருவரையும் கூப்பிட்டேன். "வாங்க, தானா கத்துக்கலாம்."

இருவரும் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"எதைப்பா?" என்றான் அகிலன்.

"அதை நான் சொல்லக் கூடாது."

"நீ சும்மா இருப்பா," என்றாள் இனியா. சென்னையில் வளர்ந்த பிள்ளைகள். என்னை 'நீ' என்றுதான் சொல்வார்கள். 'நீ சும்மா இருப்பா' என்பது அப்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தேசிய கீதம்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களில் கை பழகிவிட்டது. எழுதுகிறவனுக்கு எதையும் பெரிதாகச் சொல்லத் தெரியும், அதுதான் பிழைப்பு. பலாப்பழம் அறுத்தார்களா? தாவரவியல், வடிவியல், பசையின் வேதியியல், பொறுமை. ஒண்டிக்கடைக்குப் போய் மழையில் நின்று பஜ்ஜி தின்றார்களா? கடைவீதிப் பொருளாதாரம், வெப்பம் கடத்தல். அண்ணன் தம்பி இல்லாத குறைக்கு அக்காவும் தம்பியும் ஒரு தலையணைக்காக மயிரைப் பிடித்துக்கொண்டார்களா? பேச்சுவார்த்தைத் திறன். கணக்குப் பத்தி மட்டும் காலி. எவ்வளவு எழுத்துத் திறமை இருந்தாலும் பின்னத்தைப் பெருக்காத பிள்ளை பின்னத்தைப் பெருக்கியதாக எழுத முடியாது. காட்டெருமையைக்கூட அதற்குப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒரே ஒரு எருமைதான் வந்திருந்தது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. என் பள்ளிக்கூட டைரியில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு இருக்கும். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அதில் கையெழுத்துப் போடுவார். பல நாள் கோட்டுக்கு வெளியேயும் போட்டிருக்கிறார். என்னைப் பற்றி அவர் எழுதியது மொத்தமும் அவருடைய பெயர்தான். என்னிடம் ஏதாவது உருப்படியாக இருந்தால் அது அவர் பார்க்காத அந்த நேரத்தில்தான் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாடத்தை எழுதிவைக்க அப்போது பிளானர் இல்லை.

வாரிதழ் எஸ்டேட்

லைன் வீடுகளில் முதல் வீடு பாப்பாத்தியக்காவுடையது. எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். அவர் மகள் தர்ஷினிக்கும் இனியாவுக்கும் ஒரே வயது. தர்ஷினி பஸ்ஸில் போய் அரசுப் பள்ளியில் படித்தாள். நாங்கள் குடிவந்த புதிதில் பாப்பாத்தியக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விசாரித்தார்.

"ஏனுங்க, நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?"

எழுத்தாளன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தமிழில் கூச்சமாக இருப்பதெல்லாம் ஆங்கிலத்தில் சாதாரணமாக இருக்கும்.

"ரைட்டருங்க," என்றேன்.

பாப்பாத்தியக்கா சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "அப்படீங்களா! எந்த எஸ்டேட்டுங்க?"

"எஸ்டேட்டெல்லாம் இல்லீங்க. வார இதழ்ல."

"வாரிதழா? அது எங்கீங்க இருக்குது, மாரமங்கலம் தாண்டியா?"

"சென்னையிலருந்து வருதுங்க."

"மெட்ராசு கம்பெனிங்களா. அப்ப சம்பளம் நேரத்துக்கு வந்துரும்."

இந்தக் கேள்விக்கு எந்த எழுத்தாளனும் நேராகப் பதில் சொன்னதில்லை. நானும் மரபை மீறவில்லை.

எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் யார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலையில் மூடுபனியில் பெயர் பெயராகக் கூப்பிட்டு ஆள் வந்தாரா என்று குறிப்பவர். தாமதமாக வந்தால் அரை நாள் போடுபவர். சாயங்காலம் களத்தில் பழ மூட்டைகளை எடைபோட்டு எழுதுபவர். அவரிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். அவர் நகர்ந்ததும்தான் சிரிப்பார்கள். நானோ கையில் நீளமான புத்தகமும் காதில் பேனாவுமாக, பிள்ளைகள் போகிற இடமெல்லாம் பின்னால் போய்க் குறித்துக்கொண்டிருந்தேன். பாப்பாத்தியக்காவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

"இந்த ரைட்டர் நொம்பக் கண்டிப்புடி," என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. "பெத்த புள்ளைக்கே பேரு போட்டுத்தான் சோறு போடறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. 'நகைச்சுவை: வாய்மொழி மரபு' என்று எழுதிக்கொண்டேன்.

காய் கலந்த மூட்டை

பழம் பறிக்கும் பருவம் வந்தது. தர்ஷினியோடு இனியாவும் அகிலனும் சாயங்காலம் களத்துக்குப் போய் எடைபோடுவதை வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அகிலன் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா, எனக்கு இன்னிக்கு முழு நாளுங்களா, அரை நாளுங்களா?"

விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாள் இனியாவும் கேட்டாள். பொங்கலுக்குள் இருவரும் என்னிடம் 'ங்க' போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். வீட்டை ஊடு என்றார்கள், ரொம்ப என்பதை நொம்ப என்றார்கள். கோமதியிடம் மட்டும் பழைய 'நீ'தான். நான் பெருமையோடு எழுதினேன்: 'மொழி: வட்டார வழக்கு, மரியாதைப் பன்மை. தானாக.'

அகிலன் தொழிலின் நெளிவுசுளிவை விரைவில் பிடித்துவிட்டான். கேள்வி கேட்டால் பிளானரில் ஏறுகிறது என்று கண்டுகொண்டான். காலையில் எழுந்ததும் மூட்டையை அவிழ்ப்பான்.

"வானம் ஏனுங்க மேல இருக்குது? கீரிக்கு ஏனுங்க கீரின்னு பேரு? மிளகு ஏனுங்க மரத்து மேல ஏறுது?"

"அருமையான கேள்வி! மிளகு ஒரு கொடி. அதுக்குப் பத்திக்க ஏதாவது..."

"பதில் வேணாங்க. எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டேன் என்றதும் போய்விடுவான். பழுத்ததோடு பச்சைக்காயையும் உருவிப்போட்டு எடையை ஏற்றுகிறவர்களின் மூட்டையை மேஸ்திரி களத்தில் கவிழ்த்துப்போட்டுக் கத்துவார். எங்கள் எஸ்டேட்டில் மேஸ்திரி இல்லை. காயும் பழமும் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தன.

இனியா வேறு வகை. நான் வருவதைப் பார்த்ததும், என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பாள். ஒருநாள் களத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். காப்பி பூத்திருந்த சமயம். எஸ்டேட் முழுக்க மல்லிகைக் கடை போல வாசனை. கைகள் இரண்டையும் விரித்து, வாயை லேசாகத் திறந்து, எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பூனைபோலத்தான் போனேன். சிமெண்டில் செருப்பு சப்தம் போட்டுவிட்டது.

துள்ளி எழுந்தாள்.

"என்னம்மா பாத்துட்டிருந்தே?"

"மேகமுங்க. நீராவி மேல போயி குளிருதுங்க. அதுக்குப் பேரு சுருங்கறது," என்று கடகடவென்று ஒப்பித்தாள். "எழுதிக்குங்க. நான் போகட்டுங்களா?"

போய்விட்டாள். நான் எழுதினேன். 'சுருங்கறது' தவறு, 'சுருங்குதல்' என்று திருத்தியும் எழுதினேன்.

முதலாவதைத் தலைகீழாக்கு

அப்படிப்பட்ட இனியாதான், மழை விட்ட அந்தச் சாயங்காலம், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, கணக்கு முடித்துக் கொடுக்கச் சொன்னாள்.

"வா, உக்காரு!" என்றேன். "இப்பவே முடிச்சுரலாம்."

"இப்பவேங்களா?" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அலமாரியிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்ததும் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் உட்கார்ந்தாள். இதுவும் நடைமுறையில் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. எனக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. "ரொம்ப சுலபம். முதல் பின்னத்தைத் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும். அவ்வளவுதான்."

"முதலாவதையாங்க?"

"முதலாவதை."

பக்கம் முழுக்கப் போட்டாள். ஒரு முணுமுணுப்பு இல்லை. இவ்வளவு காலம் எங்கே ஒளித்துவைத்திருந்தாள் இந்த ஆர்வத்தை என்று நான் வியந்துகொண்டிருந்தேன். கடைசிக் கணக்கு முடிந்ததும் பென்சிலை ஒழுங்காக வைத்தாள்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"அப்ப நான் போலாமுங்களா?"

"தாராளமா!"

அவள் ஓடினாள். நான் பிளானரை எடுத்து, காலியாக இருந்த அந்தப் பத்தியில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'கணக்கு. தானாக.' கீழே இரண்டு கோடு போட்டேன். நரியின் முகத்தில்கூட ஒரு திருப்தி.

மை காய்வதற்குள் பாப்பாத்தியக்கா வாசலுக்கு வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க ரைட்டர் ஐயா, பொண்ணுக்குக் கணக்கு முடிச்சுக் குடுத்துட்டீங்களாமா?"

"ஆமாங்க!" என்றேன். "அதுவா வந்து கேட்டுச்சுங்க. ஒரே மூச்சுல முடிச்சுட்டோம்!"

"கேட்டா உடனே முடிச்சுருவீங்களா? ஒரு வார்த்தை 'இரு கண்ணு'ன்னு சொல்லப்படாதா?"

"நல்ல காரியத்தை எதுக்குங்க தள்ளிப் போடணும்?"

"கல்லு மனசுங்க உங்களுக்கு," என்றார். "எங்க எஸ்டேட்டு ரைட்டரு மோசமானவருதான். அவரே ஒரு ஆளு கணக்கு முடிக்கோணும்னு வந்தா, டீ வாங்கிக் குடுத்து, ஏன் சாமி போற, என்ன கொறன்னு கேப்பாருங்க. நீங்க பெத்தவரு."

"போறதா? எங்கீங்க போறது?"

"எங்க தர்ஸ்னி இஸ்கூலுக்குங்க. 'அப்பா கணக்கு முடிச்சுட்டாரு, சூன் மாசம் நானும் பஸ்ல வாரேன்'னு அங்க ரெண்டும் குதிக்குதுங்க."

உள்ளேயிருந்து ஒரு சத்தம். கோமதி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கணினியில் சென்னையின் நான்கு முகங்கள் திகைத்துப் பார்த்தன.

"கணக்கு முடிச்சுக் குடுங்கன்னா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "வேலையை விட்டு நின்னுக்கறேன், என்னை அனுப்பி வெய்யுங்கன்னு அர்த்தமுங்க. எஸ்டேட்டுலயும் இதான் பேச்சு, எங்கூர்த் தறிப் பட்டறையிலயும் இதான் பேச்சு. உங்க பொண்ணு உங்ககிட்ட ராஜினாமா குடுத்திருக்கா. நீங்க பின்னம் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

கடைசி பெஞ்சு

இனியாவைக் களத்தில் பிடித்தேன். தேநீர் வாங்கிக் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனேன்.

"பள்ளிக்கூடத்துல அப்படி என்னம்மா இருக்கு?"

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடைசி பெஞ்சு இருக்குதுங்க."

"அதுல?"

"ஜன்னலோரமுங்க. தர்ஸ்னி சொன்னா. வெளியவே பாத்துட்டு உக்காந்திருக்கலாமாம். டீச்சர் பேரு சொன்னா மட்டும் திரும்புனாப் போதுமாம். என்ன பாத்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்களாம்." டம்ளரைக் களத்தில் வைத்துவிட்டு, "எழுதவும் மாட்டாங்களாம்" என்றாள்.

"அதுக்குப் பேரு கவனக்குறைவு, இனியா."

"இருக்கட்டுமுங்க."

பிள்ளைகளின் சுதந்திரத்துக்காகத்தான் பள்ளியை விட்டு மலை ஏறி வந்தேன் என்று பல மேடைகளில், அதாவது இரண்டு மேடைகளில், பேசியிருக்கிறேன். என் மகள் சுதந்திரம் தேடி அரசுப் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாள். நிர்வாகத் தரப்பில் சில சலுகைகளை அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை குறிப்பு எடுக்கமாட்டேன். களத்துக்குப் பிளானர் கொண்டுவரமாட்டேன். செருப்பைக்கூட மாற்றுகிறேன் என்றேன்.

"தர்ஸ்னிகிட்ட சொல்லிட்டேனுங்க," என்றாள்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. "சரிங்க" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த சில நாட்கள் பிளானரின் பொற்காலம். இனியா காலையில் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். திட்டமிட்டது எல்லாம் நடந்தது. 'தானாகக் கற்றது' நேரத்தில் ஏதோ ஒன்றைத் தானாகக் கற்று, வந்து சொல்லிவிட்டுப் போனாள். கேட்டதற்குப் பதில், பதிலுக்கு ஒரு 'ங்க'. அந்தப் பக்கங்களில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. 'நீ சும்மா இருப்பா' என்று அவள் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்தேன். பிளானரில் தேடியிருக்கலாம். ஆனால் அதை நான் எந்தப் பாடத்திலும் சேர்க்கவில்லை.

"வாரக் கடைசியில ஒரு முடிவு சொல்லுங்க," என்றாள் கோமதி. "ஊட்டுல ரெண்டு புள்ளை இருந்துச்சு. இப்ப ஒரு புள்ளையும் ஒரு வேலையாளும் இருக்கறாங்க."

வாரக் கடைசி வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே போய்ச் சொன்னேன். "கணக்கு முடிஞ்சுதும்மா."

"இந்தத் தடவை எந்தக் கணக்குங்க?" என்றாள்.

அகிலன் மட்டும் வருத்தப்பட்டான். "அப்ப நான் ஒருத்தன்தான் ஆளா? ஒரு ஆளுக்கு ஒரு ரைட்டரா?" எஸ்டேட் பொருளாதாரம் அவனுக்குத் தெளிவாக விளங்கியிருந்தது. பதவி உயர்வு கொடுத்தால் வீட்டிலேயே தொடர்வதாகச் சொன்னான். பிளானரையும் பேனாவையும் அவனிடம் ஒப்படைக்க வேண்டும். இனி அவன்தான் ரைட்டர். பேச்சுவார்த்தைத் திறனைப் பற்றி நான் முன்பு எழுதியதெல்லாம் வீண்போகவில்லை.

எல்லாம் தெரிந்த பிள்ளை

பள்ளியில் தலைமையாசிரியை பழைய சான்றிதழ் கேட்டார். நான் பிளானரைக் கொடுத்தேன். புதிய ரைட்டரிடம் ஒரு காலை நேரத்துக்கு இரவல் வாங்கி வந்திருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பசையின் வேதியியல். வெப்பம் கடத்தல். மரியாதைப் பன்மை.

"ஏனுங்க சார், உங்க பொண்ணுக்குத் தெரியாததுன்னு இதுல ஒண்ணும் காணோமே," என்றார். "எல்லாம் தெரிஞ்ச புள்ளைய வெச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது?"

"எனக்கு நிறையத் தெரியாதுங்க டீச்சர்," என்றாள் இனியா அவசரமாக. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு.

"அப்ப சரி, சேர்த்துக்கலாம் கண்ணு," என்றார் அவர்.

முதல் நாள் காலையில் மூடுபனி. பஸ் விளக்கு முதலில் வந்தது, பிறகு சத்தம், பிறகுதான் பஸ். இனியாவும் தர்ஷினியும் ஏறினார்கள். ஜன்னலோரத்துக்கு இருவருக்கும் தள்ளுமுள்ளு. கையை ஆட்டலாம் என்று தூக்கினேன். கண்டக்டர் நானும் ஏறுகிறேனா என்று கேட்டார்.

அன்று பகல் முழுவதும் வீட்டில் ஒரு ரைட்டர் என்னைப் பின்தொடர்ந்தார். வெங்காயம் நறுக்கினேன், குறித்துக்கொண்டார். தூங்கினேன், அதையும் குறித்துக்கொண்டார். "என்னடா எழுதினே?" என்றால் பக்கத்தைக் கையால் மறைத்தார். ஒரு மனிதன் தன் வீட்டில் நிம்மதியாகக் கொட்டாவி விட முடியவில்லை.

சாயங்காலம் மழை. பஸ் தாமதம். இனியா சீருடை நனைந்து, பின்னல் ஒன்று அவிழ்ந்து, வாசலில் வந்து நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"அப்பா."

"என்னம்மா?"

"கணக்கு..."

எனக்கு உள்ளே ஏதோ துள்ளியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் துள்ளியது. "ஒரே நாள்ல கணக்கு முடிச்சுட்டியா? பரவாயில்லம்மா. பரவாயில்ல. நாளையிலருந்து இங்கயே..."

"ஐயோ, அது இல்லப்பா! பின்னம்! நீ சொல்லிக் குடுத்த மாதிரியே போர்டுல போய்ப் போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. தர்ஷினிகூடச் சிரிச்சா. தலைகீழாத் திருப்ப வேண்டியது ரெண்டாவதையாம். நீ முதலாவதைத் திருப்பச் சொன்ன!"

"நானா சொன்னேன்?"

"நீதான் சொன்ன! நான் ரெண்டு தடவை கேட்டேன்!"

ஒரு தடவைதான் கேட்டாள். ஆனால் நான் திருத்தவில்லை. 'நீ சொன்ன, நீ சொன்ன' என்று அவள் ஈரப்பையை என் மடியில் எறிந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனாள். எறிந்த பையிலிருந்து தண்ணீர் என் ஸ்வெட்டரில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

ஜன்னல் பக்கத்தில் ரைட்டர் எழுந்து நின்றார். காதில் இருந்த பேனாவை எடுத்தார். என்னையும், ஈரப்பையையும், உள்ளே போகிற அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்துக் கூட்டி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்:

"அப்பாவுக்கு... இன்னிக்கு... அரை நாள்."